அடைக்கக்கூடிய ஆள்

அன்று அந்தக் கொட்டிலில் இருந்தவர்கள் இவர்கள்.

போதகர். முன்னுக்கு ஒரு கதிரையில் இருந்தார்.

போதகரின் மனிசி. கதவடியில் நின்றா. உள்ளுக்கு வரவில்லை.

சபை மூப்பர். ரெயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்தவர். எண்பது வயது. கண் ரெண்டும் மங்கல்.

கட்சிக்காரர் ரெண்டு பேர். வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள். சப்பாத்துக் கழற்றாமல் பாயில் இருந்தார்கள்.

ஒரு இளம் தாய், கைக்குழந்தையோடு. குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை.

என்னுடைய மனிசி.

நான்.

கொட்டில் என்று சொன்னது கோயிலைத்தான். வவுனியா டவுனுக்கு வெளியே எங்கள் அகதி முகாம் இருந்தது. முகாமின் கம்பிவேலிக்கு உள்ளே, தகரம் போட்டு, தறப்பாளால் மறைத்து, போதகர் கட்டினது. டவுனில் அவருக்கு மிசன் வீடும் கல்லால் கட்டின கோயிலும் இருந்தன. ஆனால் நாங்கள் நினைத்த நேரத்துக்கு வேலியைத் தாண்டிப் போக ஏலாது. அதனால் அவர் இங்கே வந்தார்.

நான் சைவம். மனிசி வேதம், கிறிஸ்தவம். அவ பாட்டுப் படிக்க உள்ளே போவா, நான் வெளியே மரத்தடியில் இருப்பேன். பிறகு ஒரு மழை நாளில் உள்ளே போய் இருந்தேன். அப்படியே பழகிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கராயனில் எனக்குக் குளத்துத் தண்ணீர் பாயிற வயல் ரெண்டு ஏக்கர் இருந்தது. மற்ற நேரம் ஆட்களின் ட்ரக்டர் ஓட்டுவேன். செல் குண்டு விழத் தொடங்க வெளிக்கிட்டோம். நெடுங்கேணியில் ஒரு மாரி, மரத்துக்குக் கீழே. பிறகு வவுனியாவுக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தோம். வந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி முகாமுக்குள் விட்டார்கள். சாப்பாடு தந்தார்கள். வெளியே விடவில்லை.

டவுனுக்குப் போக ஒரு பாஸ். பொழுதுபட முன்னம் திரும்ப வேண்டும். கொழும்புக்குப் போக வேறு பாஸ். அதற்குப் பிணை வேண்டும். டவுனில் நிரந்தரமாக இருக்கிற ஒருவர் பாஸ் கந்தோருக்கு வந்து கையெழுத்து வைக்க வேண்டும். போன ஆள் குறித்த நாளில் திரும்பாவிட்டால், கையெழுத்து வைத்தவரைப் பொலிஸ் பிடித்து அடைக்கும். இதுதான் பிணை. காசு அல்ல, ஆள்.

டவுன் சனம் நல்ல சனம். ஆனால் கையெழுத்து என்றதும் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். போதகர்தான் வைப்பார். வேதம், சைவம் பார்க்க மாட்டார். விடியப் போய், வெயிலில் வரிசையில் நிற்பார். கந்தோரில் இருந்த இன்ஸ்பெக்டர் அவரை வேண்டுமென்று மத்தியானம் வரைக்கும் நிற்க வைப்பார். இவர் நிற்பார். பிறகு கையெழுத்து வைப்பார், ஆள் கொழும்பு போகும்.

ஒருமுறை ஒருவன் போய்த் திரும்பவில்லை. கனடாவுக்கு ஏறிவிட்டான். பொலிஸ் போதகரைக் கொண்டுபோய் அடைத்தது. அவனை இனிப் பிடிக்க ஏலாது என்று தெரிந்த பிறகுதான் விட்டது. தாடியோடு வந்து, நிற்க ஏலாமல் கதிரையில் இருந்து ஆராதனை நடத்தினார்.

முடிந்து வெளியே வர மூப்பர் கேட்டார். "உள்ளுக்குப் பிரசங்கம் வைச்சனீங்களோ?"

"வைச்சனான். கேட்டது ஒரு ஆள். அவனும் நித்திரை."

"அப்ப இஞ்சை மாதிரித்தான்," என்றார் மூப்பர்.

அடுத்த நாள் போதகர் திரும்பவும் பாஸ் வரிசையில் நின்றார்.

அந்த வருசம் என் மனிசிக்கு மார்பில் கட்டி வந்தது. இவருடைய பிணையில்தான் கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டி எடுத்தோம். பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டொக்டர். மூன்று கிழமைக்கு ஒருக்கால், ஆறு தரம். இடையில் விடக்கூடாது, விட்டால் திரும்ப வரும் என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கொட்டிலில் கூட்டம் நடந்த அன்று ஒரு தரம் ஏற்றி முடிந்திருந்தது. மனிசி தலையைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்தா.

கூட்டம் ஏன் என்றால், பாராளுமன்ற எலக்சன் வந்தது. கட்சிக்காரர் போதகரைத் தங்கள் கட்சியில் நிற்கச் சொல்லிக் கேட்க வந்தார்கள்.

"எங்களுக்கு ஒரு கறை இல்லாத ஆள் வேணும்," என்றார் ஒருவர்.

"ஏன், உங்களிட்டை ஒருத்தரும் இல்லையோ?" என்றார் மூப்பர்.

"இருந்தால் உங்களிட்டை வருவமோ மூப்பர்?"

போதகர் சிரித்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "நான் ஜெபம் பண்ணிப் பாத்தன். ஒரு மறுமொழியும் வரேல்லை. அதுதான் உங்களைக் கேக்கிறன்."

மூப்பர் தடியைத் தரையில் ஊன்றினார். "அங்கியைக் கழட்ட வேணும், தெரியுமே?"

"தெரியும்."

"கழட்டினால் திருவிருந்து குடுக்கேலாது. கலியாணம் எழுதேலாது. ஆரும் செத்தால் அடக்கம் செய்யேலாது. எங்கட சபைச் சட்டம் அது."

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுகொண்டு கிணத்துக்கை குதிக்கிற ஆளை நான் என்னெண்டு மறிக்கிறது?"

குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

அப்போது என் மனிசி கதைத்தா. சபையில் கதைக்கிற ஆள் இல்லை அவ.

"போங்கோ ஐயா. ஒவ்வொரு ஆளா எத்தினை பேருக்குக் கையெழுத்து வைப்பியள்? உங்களுக்கும் வயசு போகுது. அங்கை போய் இந்த வேலியை எடுக்கச் சொல்லுங்கோ. வேலி போனால் கையெழுத்து ஏன்?"

கட்சிக்காரர் ஒருவர், "அக்கா சொன்னதுதான் எங்கட விஞ்ஞாபனம்," என்றார்.

"விஞ்ஞாபனத்தை விடுங்கோ. சப்பாத்தைக் கழட்டுங்கோ. இது கோயில்," என்றா மனிசி.

அவர் கழற்றினார்.

போதகர் கதவடியைப் பார்த்தார். அவருடைய மனிசி சொன்னா, "நீங்கள் போனால் மிசன் வீட்டைத் திருப்பிக் குடுக்க வேணும். நான் குசினிச் சாமானைக் கட்டத் தொடங்கட்டோ?"

"கட்டுங்கோ," என்றார்.

அப்படித்தான் முடிவானது. மூப்பர் திருவிருந்தை நினைத்தார். கட்சிக்காரர் வோட்டை நினைத்தார்கள். போதகரின் மனிசி வீட்டை நினைத்தா. பிணையை ஒருவரும் நினைக்கவில்லை.

எலக்சன் கூட்டம் எங்கள் முகாமிலும் நடந்தது. போதகர் வேட்டியும் சட்டையுமாக வந்தார். அவரை அங்கி இல்லாமல் பார்க்க மெலிந்த மாதிரி இருந்தது. அரசியல் பேச்சு அவருக்கு வரவில்லை. பிரசங்கம்தான் வந்தது. முதலாவதாக என்றார், ரெண்டாவதாக என்றார், மூன்றாவதாக என்று சொல்லி நிறுத்தினார். முடிவில் வாய் தவறி "ஆமென்" என்றார். முன்னுக்கு இருந்த சைவச் சனம் சிரித்தது. பின்னுக்கு இருந்த கிழவர் ஒருவர், "அரோகரா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

முன்பு அவர் முல்லைத்தீவுக் கரையில் கொஞ்சக் காலம் ஊழியம் செய்தவர். அங்கே கடல் தொழில் செய்கிற கத்தோலிக்கச் சனம் அவரை "கலியாணம் கட்டின சுவாமி" என்று கூப்பிடுமாம். அந்தச் சனத்தில் கொஞ்சப் பேர் எங்கள் முகாமில் இருந்தார்கள். "சுவாமிக்குப் போடாமல் ஆருக்குப் போடுறது," என்று அவர்களும் வோட்டில் புள்ளடி போட்டார்கள். நானும் போட்டேன்.

வென்றார். முகாமில் பால்சோறு காய்ச்சினோம். நிவாரண அரிசிதான். எலக்சனுக்கு முன்னம் ரெண்டாம் தரம் போய் வந்த மனிசி, மூன்றாம் தரம் போவதற்கு உடுப்பு மடித்து வைத்தா.

பாஸ் எடுக்க நான் போனேன். கந்தோரில் இருந்த கொன்ஸ்டபிள் மனிசியின் பாஸ் அட்டையை எடுத்தான், பார்த்தான், திருப்பித் தந்தான்.

"பிணை இல்லை."

"இருக்கு. போதகர் வைச்சவர்."

"அவர் இப்ப எம்.பி. வேற ஆள் கொண்டு வா."

எனக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற குழந்தையின் தாய்க்கும் அதே கதைதான் சொன்னான். அவர் பிணை நின்ற எல்லா ஆட்களின் பாஸும் ரத்து. அவ அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டா.

வேறு ஆள் தேடினேன். மூப்பருக்கு டவுனில் சொந்த வீடு. போனேன். அவர் ஓம் என்று சொல்ல வாய் எடுக்க, மகள் இடையில் வந்தா.

"அண்ணை, அப்பாக்கு எண்பது வயசு. அடைச்சால் அங்கையே முடிஞ்சிடுவார்."

"இவ போய் வந்திடுவா பிள்ளை. எங்கை ஓடப் போறா?"

"வழியில ஏதும் நடந்தால்? ஆஸ்பத்திரியில மறிச்சால்? நாளுக்குத் திரும்பாட்டில் பொலிஸ் காரணம் கேக்குமே?"

அவ சொன்னதில் பிழை இல்லை. மூப்பர் கதிரையில் இருந்தபடி என் கையைத் தேடிப் பிடித்தார். பிறகு விட்டார்.

சாமான் கடைக்காரரிடம் போனேன். "அண்ணை கோவிக்காதையுங்கோ. எனக்குக் கட்டிக் குடுக்க ரெண்டு குமர் இருக்கு," என்றார். பீடிக் கட்டு ஒன்றைத் தூக்கித் தந்தார். நான் பீடி குடிக்கிறதில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதுப் போதகர் ஒருவரும் வரவில்லை. மன்னார்ப் பக்கமிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒருக்கால் வந்து ஆராதனை நடத்திப் போவார். அவர் டவுன் ஆள் இல்லை. அவருடைய கையெழுத்துச் செல்லாது.

எம்.பி. கொழும்பிலிருந்து வந்தார். நாங்கள் இப்பவும் போதகர் என்றுதான் சொல்வோம், ஆனால் அவர் வந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் துவக்கோடு பொலிஸ்காரர் வருவார்கள். நான் சொல்வதைக் கேட்டார்.

"இது எனக்குத் தெரியாது தம்பி."

"ஒருத்தருக்கும் தெரியாது ஐயா."

"வாரும்."

வாகனத்தில் ஏறிப் பாஸ் கந்தோருக்குப் போனோம். வரிசையில் நின்ற சனம் விலகியது. அதே இன்ஸ்பெக்டர். எழும்பி நின்றார். "வாங்கோ மந்திரிதுமா," என்றார். சிங்களத்தில் எம்.பி.மாரை அப்படித்தான் கூப்பிடுவது. தன்னுடைய கதிரையை இழுத்து விட்டார். தேத்தண்ணி வந்தது. பிஸ்கற் வந்தது. எனக்கும் ஒரு கோப்பை தந்தார்கள். அந்தக் கந்தோரில் நான் இருந்து தேத்தண்ணி குடித்தது அந்த ஒருநாள்தான்.

போதகர் சொன்னார், "இவரின்ர மனிசிக்கு நான் கையெழுத்து வைக்கிறன்."

இன்ஸ்பெக்டர் மட்டக்களப்பில் வேலை செய்த ஆள். தமிழ் நன்றாக வரும். "அது ஏலாது," என்றார்.

"ஏன்? முந்தி எவ்வளவு பேருக்கு வைச்சனான்."

"முந்தி வைச்சனீங்கள். ஒரு ஆள் வரேல்லை, நான் உங்களைப் பிடிச்சு அடைச்சன். இப்ப உங்களை அடைக்க எனக்கு ஏலுமோ? அடைச்சால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. அடைக்க ஏலாத ஆள் பிணை நிக்க ஏலாது."

"எம்.பி.யா இல்லை. சும்மா ஒரு ஆளா வைக்கிறன்."

"சும்மா ஆள் எண்டால், வெளியில போய் வரிசையில நில் எண்டு நான் சொல்லுவன். சொல்லட்டோ?"

போதகர் எழும்பினார். உண்மையாகவே போய் வரிசையின் கடைசியில் நின்றார். துவக்கோடு வந்த ரெண்டு பேரும் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். சனம் பயந்து வரிசையை விட்டுப் போகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வரிசையில் அவரும் துவக்குக்காரரும் நானும்தான். இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்று பார்த்தார். சிரிக்கவில்லை.

"மந்திரிதுமா, ஆக்களின்ர அலுவல் கெடுது. போங்கோ," என்றார்.

போனோம்.

மூன்றாம் தரத்துக்கு மனிசியைத் தன்னுடைய வாகனத்திலேயே கொண்டுபோனார். குழந்தையையும் தாயையும் ஏற்றினார். அது பிந்திப் போனதுதான், ஆனாலும் போனது. அதற்குப் பிறகு பாதுகாப்புக்காரர் மேலிடத்துக்குச் சொல்லி, வாகனத்தில் வெளியாட்களை ஏற்றக்கூடாது என்று ஓடர் வந்தது. போதகர் சண்டை பிடித்தார் என்று கேள்வி. அமைச்சுக்குப் போனார், கடிதம் கொடுத்தார். விசேட அனுமதி வரும் வரும் என்றார்கள். நாலாம் தரத்துக்கு ஒன்று வந்தது. வந்த நேரம் மருந்து ஏற்ற வேண்டிய நாள் போய் ஒரு மாதத்துக்கு மேல். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத்தான் ஏசினார். "பொண்டாட்டியில அக்கறை இல்லையா?" என்று கேட்டார். பிணைக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். நீளமான கதை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். விட்டுவிட்டேன்.

பாராளுமன்றத்தில் போதகர் பாஸைப் பற்றிப் பேசினார். பேப்பரில் வந்தது. ஒரு மூலையில் நாலைந்து வரி. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன், மனிசி படுத்திருந்து கேட்டா.

"வேலியை எடுக்கச் சொல்லியிருக்கிறாரோ?"

"ஓம். சொல்லியிருக்கிறார்."

"எடுக்கிறம் எண்டவங்களோ?"

"பரிசீலிக்கிறம் எண்டவங்களாம்."

அவ கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தா. "பாவம் அந்த மனிசன். நான்தானே போங்கோ எண்டனான்," என்றா.

"எல்லாரும்தான் சொன்னது."

"இல்லை. நான்தான் சொன்னனான். நீங்கள் வாயைத் திறக்கேல்லை."

அது சரிதான்.

குழந்தை மாசிப் பனியில் செத்தது. அதைப் புதைக்கிற அன்று போதகர் கொழும்பில் நின்றார்.

கட்டி திரும்ப வந்தது. இந்த முறை கழுத்தில். பிறகு முதுகெலும்பில் என்றார்கள். முகாம் ஆஸ்பத்திரியில் பனடோல் இருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஊசி போட்டால் நித்திரை. ஐந்தாம் தரத்துக்கு அனுமதி வந்தது. நான் அதைக் கொண்டுபோய்க் காட்ட, அவ கையை அசைத்து வேண்டாம் என்றா. பஸ்ஸில் இருக்க ஏலாத நிலை. நானும் வற்புறுத்தவில்லை.

கடைசிக் கிழமையில் பாட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டா. எனக்குப் பாட்டுத் தெரியாது. பக்கத்துக் கொட்டில் பெண்கள் வந்து படித்தார்கள். ராகம் பிழைக்கிற இடத்தில் அவ முகத்தைச் சுளித்தா. அதைப் பார்த்து அவர்கள் திருத்திப் படித்தார்கள்.

ஒரு விடியற்காலை முடிந்தது.

மன்னார்ப் பக்கத்துப் போதகருக்கு ஆள் அனுப்பினோம். வழியில் செக் பொயின்ற் பூட்டு, வர ஏலவில்லை. எம்.பி. வந்தார். கொழும்பிலிருந்து விடிய விடிய வந்திருக்கிறார். சேட் கசங்கி இருந்தது. துவக்குக்காரரும் வந்தார்கள். எம்.பி. வந்தால் குண்டும் வரும் என்று சனத்துக்குப் பயம். முகாமிலிருந்து அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அடக்க ஆராதனையை அவர் நடத்த ஏலாது. அங்கி கழற்றின ஆள். "நடத்துங்கோ, ஆர் பாக்கிறது," என்றேன்.

"பாக்கிறதுக்காக இல்லைத் தம்பி. நான் குடுத்த வாக்கு," என்றார்.

மூப்பர்தான் நடத்தினார். புத்தகம் பிடித்தும் பயனில்லை, கண் தெரியாது. பாடமாகச் சொன்னார். நடுவில் ஒரு வரி வரவில்லை. நின்றார். தடியை மாற்றிப் பிடித்தார். ஆட்களுக்குப் பின்னால் நின்ற போதகர் மெதுவாக அந்த வரியை எடுத்துக் கொடுத்தார். மூப்பர் வாங்கிச் சொன்னார். அடுத்த வரியும் வரவில்லை. அதையும் அவர் எடுத்துக் கொடுத்தார். கடைசி வரைக்கும் அப்படியே போனது. ஒருவர் மெல்லச் சொல்ல, மற்றவர் உரத்துச் சொன்னார்.

பிறகு போதகர் சேட்டுக் கையை மடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். துவக்குக்காரர் ஒருவர், இளம் ஆள், சிங்களவர், துவக்கை மற்றவரிடம் கொடுத்துவிட்டு அவரும் மண் தள்ளினார்.

அந்தப் பாராளுமன்றம் ஒரு வருசம்தான் இருந்தது. கலைத்தார்கள். திரும்ப எலக்சன் என்றார்கள். திரும்ப வெள்ளை வான் ஓடித் திரிந்தது.

ஒருநாள் போதகர் முகாமுக்கு வந்தார். சைக்கிளில். பின்னால் ஒருவரும் இல்லை. நான் என் கொட்டில் வாசலில் இருந்து மண்வெட்டிப் பிடிக்கு ஆப்புச் செதுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மரக்குத்தி ஒன்றில் இருந்தார்.

"கட்சிக்காரர் வந்தவையோ?" என்று கேட்டேன்.

"வந்தவை. உடம்பு சரியில்லை எண்டு சொல்லிப் போட்டன்."

"பொய்தானே ஐயா."

"ஓம். பொய்தான்."

"திரும்ப அங்கியைப் போடலாமோ?"

"கேட்டுப் பாத்தன். யோசிக்கிறம் எண்டவை. டவுனில ஒரு அறை எடுத்திருக்கிறம். மனிசி கட்டின குசினிச் சாமானை அவிழ்க்கேல்லை. இன்னும் எங்கை எங்கை ஓட வைப்பியளோ எண்டு கேக்கிறா."

நான் ஆப்பை வைத்துத் தட்டினேன். அவர் சைக்கிள் டயரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"தம்பி, இப்ப என்னை அடைக்கலாம்," என்றார்.

"பிந்திப் போச்சு ஐயா."

"ஓம்," என்றார். நான் தேத்தண்ணி வைக்க எழும்பினேன். குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை நான் டவுன் பாஸ் எடுக்கக் கந்தோருக்குப் போனேன். அவர் வரிசையில் நின்றார். விடியவே வந்திருக்கிறார். வெயில் ஏறியது. ஒரு கொன்ஸ்டபிள், அன்று அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவன், வரிசையை நேராக்கச் சொல்லித் தோளில் பிடித்துத் தள்ளினான். அவர் நேராக நின்றார்.

மத்தியானம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கும் அப்போதுதான் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் எழும்பவில்லை. கதிரையும் இழுத்து விடவில்லை.

"வீடு?"

"வாடகை அறை. கிராம விதானையாரின்ர கடிதம் இருக்கு."

"வேலை?"

"இல்லை."

"வேலை இல்லாத ஆள் பிணையோ?"

"எங்கையும் போகமாட்டன். எந்த நேரமும் வந்து பிடிக்கலாம்."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொன்ஸ்டபிளிடம் ஏதோ சொன்னார். அவன் பிணைக்குக் காத்துக் கிடந்த பாஸ் அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, நின்றபடி குனிந்து கையெழுத்து வைத்தார்.

நாலு பேருக்கு.